1957-இல் கட்டிய வீட்டைப் பாரம்பரியக் கட்டடமாகக் காப்பாற்ற முடியுமா?

அடையாறு காந்தி நகரில் உங்கள் தாத்தா 1957-இல் கட்டிய வீட்டைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். வாரிசுகள் மூவர், பெரியப்பா பில்டரிடம் பேசத் தொடங்கிவிட்டார், அத்தை இன்னமும் அந்த வீட்டில்தான் இருக்கிறார், உங்கள் தந்தை எந்தப் பக்கமும் சாயாமல் இருக்கிறார். வளைந்த போர்டிகோ, வீட்டைச் சுற்றி ஓடும் மெல்லிய சன்ஷேட், மாடிப்படிச் சுவரில் காற்றுப் புகத் துளைகள் விட்ட கான்கிரீட் ஜாலி, மொசைக் தரை ஆகியவற்றோடு நிற்கும் இந்த வீட்டைப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கச் செய்ய முடியுமா, அப்படி அறிவித்தால் குடும்பத்தின் கையைக் கட்டிப்போட்டது போலாகுமா, பழுதுபார்ப்பதை எங்கிருந்து தொடங்குவது என்பவை உங்கள் கேள்விகள். சென்னையில் பழைய கட்டடங்களைப் பழுதுபார்ப்பதையே தொழிலாகக் கொண்ட பொறியாளன் என்ற முறையில் எனக்குத் தெரிந்தவற்றை விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் சொல்லைச் சரிசெய்துகொள்வோம். 'சின்னம்' என்பது தொல்லியல் துறையின் சொல். மத்திய அரசின் 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி 100 ஆண்டுகளாவது நிலைத்திருக்கும் கட்டுமானமே தொன்மைச் சின்னமாகக் கருதப்படும். ஆகவே அந்த வழி உங்களுக்கு இல்லை. உங்களுக்குப் பொருந்துவது 'பாரம்பரியக் கட்டடம்' என்ற வகை. சென்னைப் பெருநகருக்கான இரண்டாம் முழுமைத் திட்டம் 2008-இல் நடைமுறைக்கு வந்தபோது, அதன் விதிகளில் இந்த வகைக்கு இடம் தரப்பட்டது. சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் (சி.எம்.டி.ஏ.) கீழ் இயங்கும் பாரம்பரியப் பாதுகாப்புக் குழு இதைக் கவனிக்கிறது. அங்கே வயதைவிட வரலாற்று மதிப்பும், கட்டடக்கலை மதிப்பும், பண்பாட்டு மதிப்புமே அளவுகோல். எனவே விண்ணப்பிக்க முடியுமா என்ற கேள்விக்கு விடை, முடியும் என்பதே. ஆனால் அந்த மதிப்பு எது என்பதை நீங்கள்தான் எழுத்தில் எடுத்துக்காட்ட வேண்டும். ஐம்பதுகளின் வீடுகளைப் பொறுத்தவரை சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

நம் ஊரில் பாரம்பரியம் என்றதும் கோபுரமும், செங்கல் நிறத்து உயர் நீதிமன்றமும், சென்ட்ரல் ரயில் நிலையமும்தான் கண்முன் வருகின்றன. அண்ணா சாலையில் வெள்ளைக்காரர் காலத்து பாரத் இன்ஷூரன்ஸ் கட்டடத்தை இடிக்கத் தொடங்கியபோது எழுந்த வழக்கில் 2010-இல் சென்னை உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, இந்நகரின் பாரம்பரியப் பாதுகாப்பில் ஒரு திருப்பம். நீதிபதி பத்மநாபன் குழு தயாரித்திருந்த 400-க்கும் மேற்பட்ட கட்டடங்களின் பட்டியல் அதன் மூலம் வலுப்பெற்றது. அந்தப் பட்டியலில் பெரும்பாலானவை ஆங்கிலேயர் காலத்தவை. அதே சாலையில் 1959-இல் திறக்கப்பட்ட எல்.ஐ.சி. கட்டடத்தைப் பார்க்காமல் சென்னையைப் பார்த்ததாக ஒரு காலத்தில் எவரும் சொல்லிக்கொண்டதில்லை. ஆனால் அது எழுந்த அதே பத்தாண்டில், அதே சிமெண்டிலும் அதே நம்பிக்கையிலும் எழுந்த வீடுகளை 'பழைய வீடு' என்ற இரண்டு சொற்களில் முடித்துவிடுகிறோம். எனக்கு இது நீண்ட நாள் வருத்தம்.

டெல்லியில் இதன் விளைவு கொடுமையாக முடிந்தது. ராஜ் ரேவால் வடிவமைத்து, மகேந்திர ராஜ் கட்டமைப்புப் பொறியியல் செய்து, 1972-இல் பிரகதி மைதானத்தில் எழுந்த 'ஹால் ஆஃப் நேஷன்ஸ்' கண்காட்சி அரங்கம் 2017 ஏப்ரலில் இடிக்கப்பட்டது. 60 ஆண்டுகள் நிறையாத கட்டடத்தைப் பாரம்பரியமாகக் கருத இயலாது என்று அங்கே வாதிட்டார்கள். அமெரிக்காவின் தேசியப் பதிவேட்டில் பொதுவாக 50 ஆண்டுகள் போதும். இங்கிலாந்தில் 30 ஆண்டுகள் கடந்தாலே பரிசீலிக்கிறார்கள். இந்த மூன்று கணக்கில் எதை எடுத்தாலும் உங்கள் வீடு தேறிவிடுகிறது என்பதை விண்ணப்பத்தில் ஒரு வரியாகச் சொல்லுங்கள்.

இனி மதிப்புக்கு வருவோம். நீங்கள் எழுதிய விவரங்களில் அலங்காரம் என்று எதுவுமே இல்லை என்பதைக் கவனித்தீர்களா? செட்டிநாட்டு வீட்டைக் காப்பவர் தூணைக் காட்டலாம், கதவின் மரவேலையைக் காட்டலாம். உங்கள் தாத்தாவின் தலைமுறை வேண்டுமென்றே அவற்றை விட்டுவிட்டு வந்தது. சுதந்திரத்துக்குப் பின் கூட்டுறவு வீடு கட்டும் சங்கத்தின் முயற்சியால் காந்தி நகரும், சிட்டி இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட்டின் முயற்சியால் ஷெனாய் நகரும் மனைகளாகப் பிரிந்தபோது, அரசு ஊழியரும், வக்கீலும், ஆசிரியரும் முதன்முறையாகத் தெருவோடு ஒட்டாத, நான்கு பக்கமும் காற்றுப் புகும் தனி வீடு கட்டினார்கள். சிமெண்டும் இரும்பும் பெர்மிட்டுக்குக் கிடைத்த காலம் அது. அதனால் தளத்தையும் சன்ஷேடையும் எவ்வளவு மெல்லியதாகப் போட முடியுமோ அவ்வளவு மெல்லியதாகப் போட்டார்கள். சிக்கனத்தில் பிறந்த அந்த மெல்லிய கோடுதான் இன்று தெருவிலிருந்து பார்க்கும்போது அந்த வீட்டுக்கு அழகாக இருக்கிறது. இன்னொன்று, திறப்பு. கோடைப் பிற்பகலில் தென்கிழக்கிலிருந்து கடற்காற்று ஏறும் நேரத்தில் மாடிப்படியில் போய் நின்றுபாருங்கள். ஜாலி வழியே வரும் காற்று படிக்கூண்டில் மேலேறி, அறைகளின் வெப்பக் காற்றை வென்டிலேட்டர் வழியே வெளியே இழுக்கும். புதுச்சேரியில் அந்தோனின் ரேமண்ட் வடிவமைத்து, ஜார்ஜ் நகாஷிமா உடனிருந்து கட்டிய கோல்கொண்டே விடுதியின் கட்டுமானம் முப்பதுகளிலேயே தொடங்கியது. அதன் முகப்பு முழுவதும் காற்றுக்கேற்பத் திருப்பிக்கொள்ளும் பலகைகள்தாம். உங்கள் வீட்டு மாடிப்படிச் சுவர் அதே சிந்தனையை ஒரு நடுத்தரக் குடும்பத்தின் செலவுக்குள் செய்து காட்டியிருக்கிறது. ஆகவே காக்க வேண்டியவை மெல்லிய தன்மை, நிழல், காற்று வரும் வழி ஆகிய மூன்றும் என்று நான் எழுதுவேன். இந்த மூன்றையும் பெயர் சொல்லி எழுதாத விண்ணப்பம் நிறைவேறினாலும் பயனில்லை. ஏனெனில் இடிக்காமலேயே இவற்றை அழித்துவிட முடியும்.

அப்படி அழிந்த ஒன்றை அருகிருந்து பார்த்திருக்கிறேன். ஷெனாய் நகரில் 1950-களின் வீடு ஒன்று. கொசுவும் தூசியும் வருகின்றன என்று வீட்டுக்காரர்கள் படிக்கூண்டு ஜாலிக்கு உட்புறமாகக் கண்ணாடி வைத்து மூடினார்கள். இரண்டாவது கோடையில் மாடியறையில் படுக்க முடியாத புழுக்கம். ஏ.சி. வாங்கினார்கள், அதன் வெளிப்பெட்டியைச் சன்ஷேட் மேல் உட்காரவைத்தார்கள், அதிலிருந்து வடியும் தண்ணீருக்குக் குழாய் வைக்கவில்லை. தண்ணீர் ஒரே இடத்தில் சொட்டிச் சொட்டி, நான் போனபோது அந்த இடத்தில் பாசி கருத்திருந்தது. அடியில் நின்று சிறு சுத்தியலால் தட்டினேன். நல்ல கான்கிரீட் 'டங்' என்று சொல்லும். இது ஒரு முழ நீளத்துக்குப் பொத்தென்று சொன்னது. மெதுவாக நெம்பியதும் தோசை அளவுக்கு ஒரு பத்தை கையோடு வந்தது. உள்ளே கால் அங்குலக் கம்பி இருக்க வேண்டிய இடத்தில் ஏடு ஏடாக உரியும் துருதான் இருந்தது. அந்தக் குடும்பம் சன்ஷேடை வெட்டி எடுத்துவிட்டு, தகரக் கூரை பொருத்தியது. வீடு இன்றும் நிற்கிறது. ஆனால் அதில் காக்க வேண்டியதாக ஏதும் மிச்சமில்லை. தொடக்கத்தில் ஒரு கொசுவலைச் சட்டம் போட்டிருந்தால் போதும்.

சன்ஷேடைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே சொல்ல வேண்டும். அது சுவரிலிருந்து நீட்டிக்கொண்டு நிற்பது. அதாவது இழுவிசை மேற்புறத்தில் இருக்கும். எனவே கம்பியும் மேற்புறத்தில்தான் இருக்க வேண்டும். கான்கிரீட் போடும்போது ஆட்கள் மிதித்துக் கம்பி கீழிறங்கிப்போன வீடுகள் ஏராளம். அதனால் சன்ஷேடின் அடியில் மட்டும் பூசிவிட்டு வேலை முடிந்தது என்று சொல்லும் கொத்தனாரை நம்பாதீர்கள். கம்பி எந்த ஆழத்தில் இருக்கிறது என்பதைக் கண்டறியும் கருவி இருக்கிறது, முதலில் அதைக் கொண்டு பார்க்கச் சொல்லுங்கள். பூத்தொட்டிகளை இன்றே இறக்கிவிடுங்கள்.

கம்பி ஏன் துருப்பிடிக்கிறது என்பது தெரிந்தால் எந்தப் பழுதுபார்ப்பு நிலைக்கும் என்பதும் தெரிந்துவிடும். புதுக் கான்கிரீட் கடுமையான காரத்தன்மை உடையது. அந்தக் காரம் இரும்பின் மேல் ஒரு பாதுகாப்புப் படலத்தை உண்டாக்குகிறது. காற்றிலுள்ள கரியமில வாயு ஆண்டுக்கணக்கில் மெல்ல உட்புகுந்து அந்தக் காரத்தைக் குறைத்துக்கொண்டே போகும். அது கம்பியைத் தொட்டதும் படலம் கரைந்து, ஈரம் பட்ட இடமெல்லாம் துரு ஏறும். துரு, இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேலான இடத்தைப் பிடிக்கும். அந்த நெருக்கலில்தான் மேலே மூடியிருக்கும் கான்கிரீட் வெடித்து உதிர்கிறது. கடலோர நகரமாகையால் உப்பும் சேர்ந்துகொள்கிறது. காரம் எவ்வளவு ஆழம் போய்விட்டது என்று பார்க்கப் புதிதாக உடைத்த முகத்தில் பீனால்ஃப்தலீன் கரைசலைத் தெளிப்போம். காரம் உள்ள இடம் அடர்ந்த இளஞ்சிவப்பாக மாறும், போன இடம் நிறமே காட்டாது. செலவு குறைந்த இந்தச் சோதனையை வீட்டின் எட்டுப் பத்து இடங்களில் செய்துபார்த்துவிட்டால், எங்கே கைவைக்க வேண்டும், எங்கே வைக்கக் கூடாது என்பதற்கு ஒரு வரைபடமே கிடைத்துவிடும். 'மொத்தமும் போச்சு, இடிச்சுடுங்க' என்று வாய்மொழியாக வரும் தீர்ப்பை எதிர்த்துப் பேச உங்களிடம் இருக்கப்போகும் ஒரே ஆயுதமும் அந்த வரைபடந்தான்.

பழுதான இடத்தில் கம்பியின் முகத்தை மட்டும் சுரண்டிப் பூசினால் இரண்டு மழைக்காலம் தாங்காது. கம்பிக்குப் பின்னால் விரல் நுழையும் அளவுக்குக் கொத்தி எடுத்து, துருவை முழுக்க நீக்கி, தேய்ந்த கம்பிக்குத் துணைக்கம்பி சேர்த்து, பாலிமர் கலந்த கலவையால் பழைய கனத்துக்கே நிரப்ப வேண்டும். பழைய கனத்துக்கே என்பதை அழுத்திச் சொல்கிறேன். பாதுகாப்புக்காக என்று சொல்லி இரண்டு அங்குல விளிம்பை நான்கு அங்குலமாக்கிவிடுவது வழக்கமாக நடக்கிறது. தெருவிலிருந்து பார்த்தால் அந்த வீட்டின் முகமே மாறிப்போயிருக்கும்.

மொட்டை மாடியிலும் இதே கதைதான். ஒழுகுகிறது என்றால் இருக்கும் தட்டோட்டின் (தளத்தில் பதித்த சுடுமண் ஓட்டின்) மேலேயே இன்னொரு அடுக்கு செங்கல் ஜல்லி போட்டு, அதற்கு மேல் ஓடு பதிக்கிறார்கள். நான்கு அங்குல ஜல்லி அடுக்கு சதுர மீட்டருக்கு 150 கிலோவைத் தாண்டிவிடும். மொட்டை மாடியில் ஆட்கள் நடமாடப் பொதுவாகக் கணக்கில் எடுக்கும் பாரமே அவ்வளவுதான். பழைய அடுக்கை எடுத்துவிட்டுத்தான் புதியது போட வேண்டும். எடுக்கும்போது பாருங்கள்: அந்தக் காலத்து ஜல்லியில் சுண்ணாம்போடு கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீர் சேர்த்து, நாள்கணக்கில் மரக்கட்டையால் அடித்து இறுக்கியிருப்பார்கள், உடைக்கவே கை வலிக்கும். அந்த அடுக்கு உறுதியாக இருந்து ஓட்டின் இணைப்பு மட்டும் விட்டிருந்தால், இணைப்பைத் திறந்து மறுபடி பூசினாலே போதும், அடுக்கைத் தொடத் தேவையில்லை.

மொசைக் தரையின் மேல் வழவழப்பான புது டைல்ஸ் ஒட்டுவதை மட்டும் எக்காரணத்தாலும் அனுமதிக்காதீர்கள். விரிசலுக்கு அதே நிற சிப்ஸ் தேடிச் சேர்த்து நிரப்பி, தண்ணீர் விட்டுத் தேய்த்து மெருகேற்றும் ஆட்கள் சென்னையில் இன்னும் இருக்கிறார்கள்.

இப்போது அறிவிப்பு குடும்பத்தைக் கட்டிப்போடுமா என்ற கேள்வி. பட்டியலில் ஏறுவதால் உரிமை மாறாது, பட்டாவும் பத்திரமும் உங்கள் பெயர்களிலேயே இருக்கும், விற்கவும் தடையில்லை. இடிப்பதற்கும், வெளித்தோற்றத்தை மாற்றுவதற்கும் குழுவின் கருத்தைப் பெற வேண்டியிருக்கும். பணம் வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். 2012-இலேயே தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் இயற்றப்பட்டும் அது நீண்ட காலம் நடைமுறைக்கு வராமல் கிடந்ததை எண்ணினால், அரசின் கையைப் பார்த்துக்கொண்டு கூரையை ஒழுகவிடுவது சரியில்லை என்பது விளங்கும்.

பெரியப்பாவின் பக்கத்தையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். உங்கள் மனை இரண்டு கிரவுண்டு என்றால் 4,800 சதுர அடி. 2019-ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி அடுக்குமாடிக்குச் சாதாரண எஃப்.எஸ்.ஐ. (மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு) 2, அதாவது 9,600 சதுர அடி கட்டலாம். இருக்கும் வீடு 2,800 சதுர அடி என்று வைத்துக்கொண்டால், 6,800 சதுர அடி கட்டும் உரிமையை விட்டுக்கொடுக்கும்படி அவரிடம் கேட்கிறீர்கள். காந்தி நகர் விலையில் அது சிறிய தொகையாக இருக்காது. அவரைப் பேராசைக்காரர் என்று எண்ணுவது அநியாயம். மும்பையில் 1995-ஆம் ஆண்டின் பாரம்பரிய விதிகள், பயன்படுத்தாத கட்டும் உரிமையை வேறு மனைக்கு மாற்றி விற்க உரிமையாளருக்கு வழி செய்தன. இங்கே உங்களைப் போன்ற தனி வீட்டுக்காரருக்கு அது எந்த அளவுக்குக் கிடைக்கும் என்பதை விண்ணப்பத்துக்கு முன்பே சி.எம்.டி.ஏ.விடம் எழுத்தில் கேட்டுப் பதில் வாங்குங்கள். வாய்வார்த்தையை நம்பிக் குடும்பத்தாரிடம் கணக்குச் சொல்லாதீர்கள். அதைவிடக் கைக்கெட்டிய வழி ஒன்றும் இருக்கிறது. அந்தக் காலத்து மனைகளில் வீடு முன்பக்கமும், கிணறும் தென்னையும் பின்பக்கமுமாக இருக்கும். பக்கவாட்டில் வழியும் சட்டப்படியான இடைவெளியும் இருக்குமானால், பின்னால் ஒரு புதிய கட்டடம் எழுப்பி, அதில் பெரியப்பாவின் பங்கைத் தீர்க்க முடியுமா என்று ஒரு கட்டடக் கலைஞரைக் கொண்டு வரைந்துபாருங்கள். முன்வீட்டின் காற்று அடைபடாத உயரத்தில் அது நிற்க வேண்டும் என்பது மட்டுமே என் நிபந்தனை.

வெளிநாட்டு முறையைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் மீஸ் வான் டெர் ரோஹே என்ற கட்டடக் கலைஞர் 1951-இல் முடித்த ஃபார்ன்ஸ்வொர்த் வீடு 2003-இல் ஏலத்துக்கு வந்தபோது, பாதுகாப்பு அமைப்புகள் நிதி திரட்டி அதை வாங்கின. அங்கே இன்னொரு வழியும் உண்டு: உரிமையாளர் வீட்டை மாற்றும் உரிமையை மட்டும் ஓர் அறக்கட்டளைக்கு எழுதிக் கொடுத்துவிட்டால், பின்னால் யார் வாங்கினாலும் அது அவரைக் கட்டுப்படுத்தும். நம் சட்டத்தில் இதற்கு நேரான கருவி இல்லை. தாத்தா உயிலில் 'என்றைக்கும் விற்கக் கூடாது' என்று எழுதியிருக்கிறார் என்கிறீர்கள்; சொத்தை முழு உரிமையோடு கொடுத்துவிட்டு விற்பதை முற்றாகத் தடுக்கும் நிபந்தனை சட்டத்தின் முன் நிற்பது கடினம். ஆகவே அந்த வரியை நம்பி இருக்க வேண்டாம். மூன்று பங்காளிகளும் கையெழுத்திட்டுப் பதிவு செய்யும் குடும்ப ஏற்பாட்டுப் பத்திரமே உங்களுக்கு உறுதியான அடித்தளம். அதில் அத்தை ஆயுள்வரை குடியிருக்கும் உரிமையும், பழுதுபார்ப்புச் செலவில் யாருக்கு எவ்வளவு என்பதும், முன்பு சொன்ன மூன்று அம்சங்களை யாரும் தனியாக மாற்றக் கூடாது என்பதும் இடம்பெறட்டும். வாசகங்களை ஒரு வழக்கறிஞர் எழுதட்டும்.

விண்ணப்பத்துக்கான ஆவணங்களை இப்போதே திரட்டத் தொடங்கலாம். அந்தக் கால வீடுகளின் புளூபிரிண்ட் பெரும்பாலும் தாய்ப்பத்திரத்தோடு மடித்து வைக்கப்பட்டிருக்கும்; மடிப்பில் கிழியும் முன் அதைப் படமெடுத்துவிடுங்கள். கிரகப்பிரவேசப் புகைப்படங்களில் தாத்தாவின் முகத்துக்குப் பின்னால் எந்த ஜன்னல், எந்த கிரில் தெரிகிறது என்று பாருங்கள். பின்னாளில் மாற்றியது எது என்பதற்கு அதுவே சாட்சி. கட்டிய மேஸ்திரியின் பெயர், மரம் வாங்கிய ரசீது என எது கிடைத்தாலும் விலைமதிப்புள்ளதே. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு மாலை அத்தையைக் கூட்டிக்கொண்டு அறை அறையாக நடந்து, எந்த ஜன்னலை எப்போது திறப்பார்கள், வெயிலில் எங்கே பாய் விரிப்பார்கள், முதல் மழையில் எங்கே ஒழுகும் என்று அவர் சொல்வதைப் பதிவு செய்யுங்கள். எந்த அளவீட்டுக் கருவியும் தராத தகவல் அது.

அதற்கு முன் இந்த வாரமே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. ஐப்பசி மழை வருவதற்குள் மொட்டை மாடிக்குப் போய், கைப்பிடிச் சுவரின் அடியிலுள்ள தண்ணீர்ப் போக்கிகளில் அடைத்திருக்கும் இலையையும் சாந்தையும் கையால் எடுத்துவிடுங்கள். பிறகு நான்கு மூலையிலும் ஒவ்வொரு குடம் தண்ணீர் ஊற்றி, கால் மணி நேரம் கழித்து எங்கே தேங்கி நிற்கிறது என்று சாக்பீஸால் வட்டம் போட்டுப் படமெடுங்கள். அந்தப் படங்களோடு வந்தால், எந்த இடத்திலிருந்து தொடங்கலாம் என்று அடுத்த உரையாடலில் திட்டமாகச் சொல்கிறேன்.